புண்ணில் எடுத்த புழுவை ஃபார்மலினில் போடாதீர்கள்

மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் எண்ணெயை ஊற்றி, இடுக்கியால் எடுத்துக் கீழே தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். புழு எல்லாம் ஒரே புழு கிடையாது. அழுகின சதையை மட்டும் தின்கிற வகை என்றால் புண்ணைச் சுத்தம் பண்ணினால் முடிந்தது. கிரைசோமியா பெசியானா என்ற திருகுப்புழு ஈ அப்படி இல்லை, அதன் புழு உயிருள்ள சதையைத்தான் தின்னும்; தாய் ஈ புண் விளிம்பில் ஒரே தடவையில் 150, 200 முட்டை இடும், ஒரு நாளுக்குள் பொரித்து, ஒரு வாரத்துக்குள் முற்றி, தானாகக் கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். நீங்கள் கீழே தட்டிவிட்ட முற்றிய புழுவும் இதைத்தான் செய்யும். இந்த வகை என்று தெரிந்தால் கொட்டகையில் இருக்கிற மற்ற உருப்படிகளையும் பார்த்தாக வேண்டும்: புதுக் கன்றின் தொப்புள், கோமாரி வந்த மாட்டின் குளம்பிடுக்கு, உண்ணி கடித்த காது, நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கம் என்றால் உம்பளாச்சேரிக் காளைக்குக் கொம்பு எடுத்த இடம்.

எந்த வகை என்று பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, புண்ணைச் சுற்றி மொய்க்கிற ஈயைப் பிடித்து அனுப்பாதீர்கள், அது வாடைக்கு வந்த ஏதோ ஒரு ஈயாக இருக்கும். புழுதான் சாட்சி, அதுவும் மேலாக நெளிவது இல்லை, ஆழத்தில் தலையைப் புதைத்துக் கிடக்கிற பெரிய புழு. மேலே இருப்பது பின்னால் வந்து சேர்ந்த வேறு இனமாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு வருகிற சீசாக்களில் பாதிக்கு மேல் கறுத்துச் சுருங்கிய புழுதான். உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் அப்படித்தான் ஆகும். ஃபார்மலின் அதைவிட மோசம், உடம்பு கட்டையாக விறைத்துவிடும், பிறகு டி.என்.ஏ. எடுப்பதும் கஷ்டம். கொதித்த வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறியதும் புழுவை அரை நிமிடம் போட்டால் நன்றாக நீண்டு செத்துவிடும், அப்புறம் 80 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். புழுவின் நீர் ஆல்கஹாலை நீர்க்கச் செய்யும், மறுநாள் மாற்றிவிடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டும், பேனா மை கரைந்துவிடும்.

நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் புழுவின் பின்பக்கம். அங்கே இரண்டு மூச்சுத்துளைத் தகடுகள் இருக்கும். வீட்டு ஈ என்றால் தகட்டில் உள்ள பிளவுகள் நெளிநெளியாக இருக்கும். சதை ஈக்குத் தகடே ஒரு குழிக்குள் அமுங்கிக் கிடக்கும். திருகுப்புழுவுக்கு மூன்று நேர்ப் பிளவுகள், சுற்றியுள்ள வளையம் முழுதாக மூடாது. சிக்கல் எங்கே என்றால், அழுகல் தின்னும் அதன் சொந்தக்கார ஈயான மெகாசெஃபலாவுக்கும் வளையம் திறந்துதான் இருக்கும். அப்போது முன்பக்க மூச்சுத்துளையில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளை எண்ணுவோம், பெசியானாவுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6, மெகாசெஃபலாவுக்கு 10க்கு மேல். சுருங்கிய புழுவில் இதையெல்லாம் எண்ணவே முடியாது, அதனால்தான் இந்த வெந்நீர்ப் புராணம்.

சீசாவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் போதும். முடிவு வரும்வரை வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி என்று பேச்சு வந்தால் மட்டும், பாலை என்ன செய்வது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.