மேல் எது, கீழ் எது என்று மறந்துபோகும் செல்

கருப்பை வாயின் மேல்தோல் அடுக்கடுக்கானது. அடியில் உள்ள செல்கள்தான் பிரிந்து பெருகும். பிறந்தவை மேலே நகர்ந்து, தட்டையாகி, உதிர்ந்துவிடும். மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று செல்லுக்குள் அடையாளம் வைப்பவை ஸ்கிரிபிள், டிஎல்ஜி முதலிய புரதங்கள். எந்தத் திசையில் பிரிவது என்பதும் அந்த அடையாளத்தைப் பொறுத்ததே. எப்போது பிரிவது என்பதற்குக் காவல் வேறு: ஆர்பி புரதம் கதவைச் சாத்தி வைக்கும், மரபணு சேதமானால் பி53 பிரிவை நிறுத்தும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது எச்பிவி என்ற வைரஸ். அதன் 16, 18 வகைகள் திசை அடையாளம், பிரிவுக் காவல் இரண்டையும் குலைக்கின்றன. வைரஸின் இ7 புரதம் ஆர்பியை முடக்குகிறது. இ6 புரதம் பி53ஐ அழிவுக்கு அனுப்புகிறது. அதே இ6இன் வால்நுனியில் இருக்கும் நான்கு அமினோ அமிலங்கள் ஸ்கிரிபிளையும் டிஎல்ஜியையும் கொக்கிபோட்டுப் பிடித்து அழிக்க வைக்கின்றன. மரு மட்டும் உண்டாக்கும் 6, 11 வகைகளுக்கு அந்தக் கொக்கி கிடையாது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காடு 16, 18 வகைகளால் வருகிறது.

பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பரிசோதனை. அதன் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெரியும். நல்ல செல் அகன்று விரிந்து, நடுவே மிளகுபோலச் சின்ன உட்கருவோடு இருக்கும். கெட்ட செல்லில் உட்கரு கறுத்து, ஓரம் கோணி, செல்லையே அடைத்து நிற்கும். அந்தக் கட்டத்தில் வலி இல்லை, இரத்தம் இல்லை. புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10. ஆகவே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள அம்மாமாரே, அக்காமாரே, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு கிளினிக்கில் 30 வயது முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை இலவசம். எச்ஐவி உள்ளவர்களுக்கு, அது தெரிந்தவுடனே ஒருமுறை, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். இரத்தம் செல்களை மறைத்துவிடும். முந்தைய இரண்டு நாள் உள்ளே களிம்பு, கழுவுதல், உடலுறவு கூடாது. "மாதிரி போதவில்லை" என்று வந்தால் அது நோய் அல்ல, மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்சில் (LSIL, லேசான செல் மாற்றம்) என்றால் பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் சொன்ன தேதியில் மறுபரிசோதனை தேவை. எச்-சில் (HSIL, தீவிரமான செல் மாற்றம்) என்றால், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்குத் தள்ளிப்போடாமல் போங்கள். முடிவை வாங்கப் போகாமல் விடுவதுதான் பெரிய தவறு. உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ இரத்தம் கண்டால், பரிசோதனை முறை வரும்வரை காத்திராமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு 9 வயது முதல் போடும் தடுப்பூசி 2014 முதல் அரசுப் பள்ளிகளில் உண்டு. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டுமே. இ6, இ7 எதுவும் இல்லை. ஏற்கெனவே ஒட்டிய தொற்றை அது நீக்காது. ஊசி போட்ட பெண்ணுக்கும் 30 வயதில் ஸ்மியர் உண்டு.