சோளனும் சுண்ணாம்பும்: மெக்சிக்கோ ரொட்டி ஏன் உடைவதில்லை?

விவசாயத் துறையில் வேலை செய்யும் என் கணவர் சோளச் செய்கை பற்றிய பயிற்சி ஒன்றுக்காக மெக்சிக்கோ போயிருந்தார். சோளத்துக்கும் கோதுமைக்குமான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் அங்கேதான், தலைநகருக்குப் பக்கத்தில் தெஸ்கோக்கோவில் இருக்கிறது. இரவில் தொலைபேசியில் விதையினங்களைப் பற்றித் தொடங்குவார், கொஞ்ச நேரத்தில் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும். "இஞ்சரும், எங்கட சோளன்தான் இது. ஆனால் மடிச்சுச் சுருட்டினாலும் உடையுதில்லை" என்றார். அவர் சொன்னது தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டியை. அதற்குள் அவரை விதையையோ இறைச்சியையோ வைத்து, மிளகாய்ச் சம்பல் விட்டு, மடித்துச் சாப்பிடுகிறார்கள்.

வன்னியில் சோள மாவில் ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஏன் அதிசயம் என்று விளங்கும். கோதுமை மா கலக்காமல் தட்டினால் ஓரம் வெடிக்கும், புரட்டும்போது துண்டாகும். கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் தண்ணீர் பட்டதும் வலைபோலப் பின்னி மாவைப் பிடித்து வைக்கிறது. சோளத்தில் அது இல்லை. அப்படியானால் மெக்சிக்கோவில் எது பிடித்து வைக்கிறது? சுண்ணாம்பு.

நாங்கள் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் அதே பொருள்தான். சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சூளையில் சுட்டுத் தண்ணீர் விட்டு நீற்றினால் கிடைக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டு. ஒரு கிலோ காய்ந்த சோளனுக்கு ஏறத்தாழ 10 கிராம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளனைப் போட்டு அரை மணி முக்கால் மணி நேரம் அவித்து, அடுப்பை அணைத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே ஊற விடுகிறார்கள். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கழுவி ஈரமாகவே அரைத்தால் ரொட்டிக்கு மா தயார். நிக்ஸ்டமலைசேசன் எனப்படும் இந்த முறை 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

உள்ளே நடப்பது இதுதான். சோளமணியின் தோலை இறுக்கி வைத்திருப்பது ஹெமிசெலுலோசு என்ற பொருள். சுண்ணாம்புத் தண்ணீரின் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் பெறுமானம் 12ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் ஹெமிசெலுலோசு கரைந்து பசையாகிறது. தோல் கழன்றாலும் அந்தப் பசையில் ஒரு பகுதி மணியோடே தங்கிவிடுகிறது. அவியும்போது மாப்பொருளும் ஓரளவு வீங்கிப் பசைத்தன்மை அடைகிறது. கல்சியம் மணிக்குள் ஊறி, நீண்ட மூலக்கூறுகளுக்கிடையில் பாலம் போட்டு அவற்றைக் கட்டிவைக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து குளூட்டனின் வேலையைச் செய்வதால்தான் ரொட்டி மடிகிறது. வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் அவித்தாலும் இந்த மா கிடைக்காது.

வெள்ளைச் சோளன்கூட இந்தத் தண்ணீரில் மஞ்சளாக மாறும். ஆலாத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்கிறதே, அதே இரசாயனம்தான். காரம் பட்டால் நிறப்பொருளின் நிறம் மாறும்.

என்னை உண்மையில் உலுக்கியது ரொட்டி மடிவதல்ல, இதற்குப் பின்னால் இருக்கும் நோய்க்கதை. சோளத்தில் நியாசின் என்ற விற்றமின் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வேறு பொருட்களோடு பிணைந்து கிடப்பதால் எங்கள் குடலால் அதைப் பிரித்து எடுக்க முடியாது. சுண்ணாம்பின் காரம் அந்தப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் விதையை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டார்கள். சோளமே முழுச்சாப்பாடாக இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றோட்டம் வந்தது, புத்தி பேதலித்தது, பலர் செத்தார்கள். 1735இல் ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற வைத்தியர் இந்த நோயை விவரித்தார். பிறகு அதற்கு பெலக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இது பரவியது. தொற்றுநோய் என்று பலர் நம்பிக்கொண்டிருக்க, காரணம் சாப்பாட்டில் இருக்கிறது என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க வைத்தியர். குறைவது நியாசின்தான் என்பது 1937இல்தான் தெளிவானது. மெக்சிக்கோவில் தோர்த்தியாவே முக்கிய உணவாக இருந்தும் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் காலபோக மழையோடு மேட்டுக்காணியில் போடும் சோளன், பொத்தியாக அவித்துத் தின்றது போக, பெரும்பாலும் கோழித் தீனிக்குத்தான் போகிறது. அது எங்கள் தட்டுக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை. செய்து பார்க்க நினைப்பவர்கள் உணவுக்கென்றே உள்ள நீற்றிய சுண்ணாம்பை எடுங்கள். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துச் சுட்டுவிடும், அது வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும் என்பதால் எவர்சில்வர்தான் நல்லது. சுண்ணாம்புக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். அவித்த சோளனை மூன்று நான்கு தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அரைத்த ஈரமா எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும், அன்றைக்கே சுட்டுவிட வேண்டும்.

தொட்டுக்கொள்ளப் பயறோ கௌபியோ வைத்தால் இன்னும் நல்லது. சோளப் புரதத்தில் லைசின் என்ற, உடலுக்குத் தேவையான அமினோ அமிலம் குறைவு, சுண்ணாம்பு அதைக் கூட்டாது. அந்தக் குறையை நிரப்பத்தான் மெக்சிக்கோவில் அவரை இருக்கிறது, எங்களிடம் பயறு இருக்கிறது.