படபடப்புக்குப் பயந்து நடையை நிறுத்துகிறவர்களுக்கு

பதற்ற நோயோடு மனநல மருத்துவரிடம் வருபவர்களில் பலர் அதற்கு முன்பே இதயநோய் மருத்துவரைப் பார்த்திருப்பார்கள். கையில் உள்ள இசிஜி, எக்கோ, தைராய்டு அறிக்கைகள் எதிலும் குறை இருக்காது. ஆனாலும் மாடிப்படி ஏறுவதை விட்டிருப்பார்கள். கடைத்தெருவுக்கு நடந்து போனவர்கள் ஆட்டோ பிடிக்கத் தொடங்கியிருப்பார்கள். "வேகமா நடந்தா நெஞ்சு அடிச்சுக்குது டாக்டர், மறுபடியும் அது வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்பார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. விரைந்து நடக்கும்போதும் சரி, பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்குதலின்போதும் சரி, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தத் தயக்கம் இருந்தது. சோடியம் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை இரத்தநாளம் வழியாகச் செலுத்தினால் பதற்ற நோயாளிகளில் பலருக்குப் பீதி தூண்டப்படுவதை 1967இல் பிட்ஸ், மெக்ளூர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடும் உடற்பயிற்சியின்போதும் இரத்தத்தில் லாக்டேட் கூடும் என்பதால், பதற்ற நோயாளிகள் உடலை வருத்திக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் பரவியது. 1998இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று வேறு விதமாகச் சொன்னது: பீதித் தாக்குதல் திரும்பத் திரும்ப வரும் பீதி நோயாளிகள் 46 பேரிடம் 10 வாரங்கள் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், ஓட்டப் பயிற்சி, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடத் தெளிவாகப் பலன் தந்தது. குளோமிப்ரமின் என்ற மனநல மாத்திரையின் பலன் அதனினும் விரைவாகவும் கூடுதலாகவும் இருந்தது.

உடற்பயிற்சியால் மூளையில் சுரக்கும் வேதிப்பொருள்களைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். பீதி நோயைப் பொறுத்தவரை, படபடப்பு வந்தாலும் ஆபத்து நேரவில்லை என்பதை உடம்பே திரும்பத் திரும்ப அறிந்துகொள்வதுதான் பெரிய பலன் என்பது என் கருத்து. அதனால் சிலரை மருத்துவமனையின் ஒரு மாடி ஏறச் சொல்லி, மேலே போனதும் அவர்கள் விரல்களை அவர்கள் மணிக்கட்டிலேயே வைக்கச் செய்வேன். அடித்துக்கொண்டிருந்த நாடி, நின்ற சில நிமிடங்களில் தானாகவே தணிவதை அவர்களே உணர்வார்கள். நான் எவ்வளவு விளக்கினாலும் வராத நம்பிக்கை அப்போது அவர்களுக்கு வரும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எடுத்த எடுப்பில் அதை எட்ட முயல வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிட நடை போதும். நடுவழியில் படபடத்தால் வீட்டுக்கு ஓடிவராமல், வேகத்தைக் குறைத்து, அது தணியும்வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தும் வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடை பழகிவிட்டது என்பதற்காக, பதற்றத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினாலே படபடப்பு வரக்கூடிய மருந்துகள் அவற்றில் உண்டு.