சலவைக்கல்லைப் பளிங்கு ஆக்காதீர்கள்

அடுக்குமாடி வீட்டு விளம்பரம் எதை எடுத்தாலும் "பளிங்குத் தரை". கீழே பொடி எழுத்தில் பார்த்தால் விட்ரிஃபைட் டைல்ஸ்! மண்ணை அழுத்திச் சூளையில் சுட்டு, மேலே மார்பிள் மாதிரி படம் அச்சடித்த ஓடு அது. சரி, விளம்பரக்காரர்களை விடுங்கள், தாஜ்மகாலைப் பற்றி எழுதுகிறவர்களும் பளிங்கு மாளிகை, பளிங்கு மாளிகை என்றே எழுதித் தள்ளுகிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

மார்பிள் கிரேக்கச் சொல். 'மார்மரோஸ்', மினுங்கும் கல். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து மறுபடி படிகமாக இறுகினால் இந்தக் கல். ராஜஸ்தானின் மக்ரானாவில் வெட்டிய கல்தான் தாஜ்மகாலில் இருக்கிறது. இதற்குத் தமிழில் சலவைக்கல் என்று அருமையான சொல் இருக்கிறது.

பளிங்கு வேறு பொருள். அது ஸ்படிகம், ஒளி ஊடுருவும் படிகம். "அடுத்தது காட்டும் பளிங்கு" என்கிறது குறள். பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தன்னில் காட்டுவது என்று பொருள். மக்ரானா பலகைக்குப் பக்கத்தில் செம்பருத்தியை வைத்துப் பாருங்கள், கல் பாட்டுக்கு வெள்ளையாகவே கிடக்கும். மணிமேகலை ஒளிந்துகொள்ளும் பளிக்கறை, உள்ளே இருப்பவரின் குரலை வெளியே விடாமல் உருவத்தை மட்டும் காட்டுகிற மண்டபம். சலவைக்கல் சுவர் என்றால் அவளைத் தேடி வந்த இளவரசன் உதயகுமாரன் அவளைப் பார்த்திருக்கவே முடியாது, கதையே நின்றுபோயிருக்கும்.

இது வெறும் புலவர் சண்டையும் இல்லை. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் படிகக் கல்லுக்கு 7, எலுமிச்சைச் சாறு அதை ஒன்றும் செய்யாது. சலவைக்கல்லுக்கு 3 தான், கத்தியால் கீறினாலே கோடு விழும். எலுமிச்சை பிழிந்த தம்ளரை அதன்மேல் வைத்து எடுத்தால் வட்டமாக ஒரு மங்கல் நிற்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, புளிப்பு கல்லையே அரித்த தடம். மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. புளியும் எலுமிச்சையும் புழங்குகிற நம் அடுப்படி மேடைக்கு இது ஆகாது, அங்கே கிரானைட் போடுங்கள்.

பளிங்கு என்று எழுதுகிறவர்களைக் கேட்டால், சலவைக்கல் என்றால் துணி துவைக்கிற கல் என்று நினைப்பார்களாம், அதனால் பளிங்குதான் 'அழகாக' இருக்கிறதாம். துவைக்கிற கல்லை யாராவது சலவைக்கல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சலவை என்றால் வெளுப்பு ஆயிற்றே, கறுப்பு மார்பிளுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். கறுப்புச் சலவைக்கல் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பச்சை மார்பிள் என்று ராஜஸ்தானிலிருந்து வருவது செர்பென்டைன் என்ற வேறு கல், மெருகு ஏறுகிற எதையும் மார்பிள் என்று விற்பது கல் வியாபாரத்தின் பழைய வழக்கம். கடையில் நீங்களும் மார்பிள் என்றே கேளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தமிழில் சொல்கிறேன் என்று கிளம்பி ஸ்படிகத்தின் பெயரைத் தூக்கி இதற்குச் சூட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒரு சிறுவர் கதையில் பையன்கள் தெருவில் "பளிங்குகள் விளையாடினார்கள்". ஆங்கிலத்தில் இருந்த 'மார்பிள்ஸ்' கோலிக்குண்டு ஐயா, கோலிக்குண்டு!