பனமின்ட் மலையின் பழைய சுரங்கங்கள்: வாயிலோடு நில்லுங்கள்

லாஸ் வேகாஸ் பக்கமிருந்து கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கான டெத் வேலிக்குக் காரில் போகிறவர்களுக்கு மேற்கே சுவர்போல் எழுந்து நிற்பது பனமின்ட் மலைத்தொடர். பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. மலைத்தொடரின் உச்சியான டெலஸ்கோப் சிகரமோ 3,368 மீட்டர். மேற்கிலிருந்து வரும் மேகத்தைச் சியரா நெவாடா முதலான மலைகள் கறந்துவிடுவதால் கீழே சொட்டுமழைதான். மேலே மட்டும் பின்யான் பைன் காடும் சில ஊற்றுகளும் உண்டு. இங்கே சுரங்க ஊர்கள் பிழைத்ததும் அழிந்ததும் தாதுவால் மட்டுமல்ல, விறகாலும் தண்ணீராலும்தான்.

இம்மலையின் வைல்ட்ரோஸ் பள்ளத்தாக்கில் உள்ள 10 கரிச்சூளைகளே சாட்சி. 1877இல் கட்டியவை, ஒவ்வொன்றும் சுமார் ஏழரை மீட்டர் உயரக் கல் கூம்பு. 40 கிலோமீட்டர் தள்ளி ஆர்கஸ் மலையில் இருந்த வெள்ளி-ஈய உலைகளுக்குக் கரி இங்கிருந்து போனது. ஒரு சூளையில் சுமார் 150 கன மீட்டர் விறகு அடுக்கி, காற்றை அடக்கி ஒரு வாரம் புகையவிட்டால் ஏறக்குறைய 70 கன மீட்டர் கரி. நம் ஊர்க் கரிமூட்டத்தின் அதே சூத்திரம்தான்: காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் வேகாத கட்டை.

இதே மலையின் ஸ்கிடூ என்ற ஊரில் 1906இல் தங்கம் கிடைத்தது. அங்கே அரைவை ஆலையை ஓட்டத் தண்ணீர் இல்லை. டெலஸ்கோப் சிகரத்தருகே உள்ள ஊற்றிலிருந்து 37 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார்கள். பனமின்ட் சிட்டியின் கதை நேரெதிர். 1874இல் வெள்ளியால் பெருகிய ஊர், 1876இல் மலையிடுக்கு வழியாக இறங்கிய வெள்ளத்தில் பெரும்பகுதி போயிற்று. செங்கல் புகைபோக்கி மட்டும் இன்றும் நிற்கிறது.

இனி முக்கியமான விஷயம். சுரங்கத்துக்குள் போக வேண்டாம். உள்ளே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள ஆசையா? வாயிலின் கீழே கொட்டிக் கிடக்கும் கல்மேட்டைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரச் சுரங்கத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 3 கன மீட்டர் பாறை வெளியேறும். உடைந்த பாறை உப்பி ஏறக்குறைய நாலரை ஆகும். மேடு 450 கன மீட்டர் என்றால் உள்ளே சுமார் 100 மீட்டர் தோண்டியிருக்கிறார்கள். ஆலைக்குப் போன தாது இதில் சேராது, ஆகவே உண்மை இன்னும் அதிகம்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் கூரை இடிவுதான் என்று நினைக்கிறோம். தரையிலும் எமன் உண்டு. சுரங்கத்தின் உள்ளேயே செங்குத்தாக இறங்கும் குழிகளைப் பலகையால் மூடியிருப்பார்கள். நூறாண்டுத் தூசி படிந்து அது தரைபோலவே தெரியும், கால் வைத்தால் உளுத்த பலகை விட்டுவிடும். காற்றும் அப்படியே. மட்கும் மரமும் கந்தகத் தாதுவும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாதாரணமாக 21 சதவீதம். 10க்குக் கீழே போனால் மயக்கம். வாசனையோ மூச்சுத்திணறலோ முன்கூட்டி எச்சரிக்காது. விழுந்தவரை மீட்க இன்னொருவர் இறங்குவதால் இரண்டு உடல் ஆகிறது. இறங்காமல், சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

விரல் நீளம்கூட இல்லாத செம்புக் குழாய் கிடந்தால் தொடாதீர்கள். அது வெடி தூண்டியாக இருக்கலாம். பழைய டைனமைட்டிலிருந்து நைட்ரோகிளிசரின் கசிந்து படிகமாகி, தட்டினாலே வெடிக்கும். ஆலைக்குக் கீழே மாவுபோல் கிடக்கும் கழிவில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும். குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள். இரும்புக் கம்பி போட்ட வாயில்கள் வௌவால்கள் வந்துபோகவும் மனிதர் நுழையாமலிருக்கவும் வைத்தவை.

துருப்பிடித்த உணவு டப்பாவைக்கூட எடுத்துவரக் கூடாது, சட்டமும் அதைத் தடுக்கிறது. இருந்த இடத்திலேயே பார்த்தால் போதும்: மூடியின் நடுவே ஈயப்பற்றுப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் 1910களுக்கு முந்தையது. பால் டப்பா மட்டும் விலக்கு, அதில் அந்தப் பொட்டு பல பத்தாண்டுகள் நீடித்தது.