தொழில் ரகசியம் வெளியே போனால்: முதலாளிக்கும் வேலையாளுக்கும் சட்டம் சொல்வது

நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எட்டு வருஷம் கணக்கு எழுதினேன். மேசை இழுப்பறையில் நீளமான நோட்டு ஒன்று இருக்கும், அட்டையெல்லாம் தவிட்டுத் தூசி படிந்து. கேரளாவில் எந்தக் கடைக்கு மாதம் எத்தனை சிப்பம் போகிறது, யாருக்கு எத்தனை நாள் கடன், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அதில்தான். எங்களோடு வேலை பார்த்த பையன் ஒருவன் அந்தப் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து இன்னொரு மில்லுக்கு அனுப்பிவிட்டான். பத்து நாளில் பழைய கடைக்காரர்கள் வரிசையாகப் போன் செய்து, "அங்க சிப்பத்துக்குப் பத்து ரூபா கம்மியாத் தராங்க" என்றார்கள். முதலாளி அவனை அன்றே வெளியே தள்ளி, சம்பளத்தையும் நிறுத்தினார். பையன் செய்தது துரோகம். முதலாளி செய்ததும் சட்டப்படி தப்பு. இரண்டு பேருக்குமே விதி தெரியவில்லை.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தனது 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதுவரை ஒப்பந்தச் சட்டம், குற்றச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று பல இடங்களில் இருந்து எடுத்துத்தான் வழக்கு நடக்கிறது.

முதலில் எது ரகசியம் என்று பார்க்க வேண்டும். பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் பத்து வருஷம் இருந்தவர் காவிரி வண்டலில் அச்சு எடுக்கக் கற்றிருப்பார். பித்தளை எந்தப் பதத்தில் ஊற்றத் தோதாக இருக்கும் என்று பார்த்தே சொல்வார். அந்தக் கைத்திறன் அவருடையது, எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அந்தப் பட்டறையின் ஆர்டர் நோட்டு, யாருக்கு என்ன விலை என்ற பட்டியல், இன்னும் சந்தைக்கு வராத வடிவம், இவை முதலாளியுடையவை. திருபுவனத்தில் பட்டு நெசவும் இப்படித்தான். தறி ஓட்டத் தெரிவது நெசவாளர் சொத்து. புது முந்தானை டிசைன் ஏற்றிய பென்டிரைவ் அவர் சொத்து அல்ல. அந்த டிசைனை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டால், பத்து வருஷத்துக்கு, நீட்டித்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு, உரிமை உறுதி. சேலை கடைக்குப் போன பிறகு பதிவுக்கு ஓடிப் பயனில்லை.

"இங்கிருந்து போனால் மூன்று வருஷம் இதே தொழில் செய்யக்கூடாது" என்று பத்திரத்தில் எழுதி வாங்குகிறார்களே, அதற்கு என்ன மதிப்பு? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கிற அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டியாளரிடம் வேலை செய்யாதே என்பது செல்லும். 1967-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ரகசியத்தை வெளியிடாதே என்பதும் செல்லும், வேலையை விட்ட பிறகும்கூட.

மீறினால் என்ன ஆகும்? நோட்டையே தூக்கிக்கொண்டு போனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு: வேலையாள் செய்யும் திருட்டு, ஏழு ஆண்டு வரை சிறை. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடினால் 316-வது பிரிவு, அதிலும் ஏழு ஆண்டு வரை. கம்ப்யூட்டரில் இருந்து அனுமதியில்லாமல், ஏமாற்றும் எண்ணத்தோடு நகல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வியாபாரம் போகிறபோது முதலில் தேவை உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு. ஒரு மாதம் யோசித்துவிட்டுப் போனால், அதற்குள் விலைப்பட்டியல் எல்லோர் கைக்கும் போயிருக்கும்.

அப்புறம் வேலைநீக்கம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தவறு செய்தார் என்று சொல்லி உடனே நீக்க வேண்டுமானால் விசாரணை நடத்தி, ஆதாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். நீக்கிவிட்டால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். பி.எஃப். பணத்தில் முதலாளி கை வைக்கவே முடியாது. பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) மட்டும், வேண்டுமென்றே செய்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்க இடமுண்டு.

இன்னொன்று. ரேஷன் அரிசியை மில்லில் பாலிஷ் போட்டு வேறு பையில் மாற்றுவதைப் பார்த்த வேலையாள், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்குச் சொன்னால் அது ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது ஆகாது. குற்றத்தை மறைக்கச் சொல்லும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. அப்படிச் சொன்னவரை "மில் விஷயத்தை வெளியே சொன்னான்" என்று நீக்கினால், அந்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம்.