நீட் எழுதாமலேயே டாக்டர் ஆகலாமாம்!

போன மாதம் ஒரு நாள், சாயங்கால ஓ.பி. முடிகிற நேரம். ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா சென்னை பாடியில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், பத்து வருடமாக பிரஷருக்கு என்னிடம்தான் வருகிறார். டோக்கன் அவர் பெயரில் இருந்தது. பேச வந்தது மகனைப் பற்றி.

"மேடம், தம்பி வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு வந்துட்டான். கொஞ்ச நாள் உங்க கூட இருந்து கத்துக்கட்டுமே."

"நல்லது. எஃப்.எம்.ஜி.இ. எப்ப எழுதப் போறீங்க தம்பி?" என்று கேட்டேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுத வேண்டிய ஸ்க்ரீனிங் தேர்வு அது. பையன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அவனால் எழுத முடியாது. 2019-ல் விமானம் ஏறும்போது அவன் நீட் எழுதியிருக்கவில்லை. "அந்த நாட்டுக்கெல்லாம் நீட் கேக்க மாட்டாங்க சார்" என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். அதில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை. அந்தப் பல்கலைக்கழகம் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டது, ஆறு வருடம் பாடம் நடத்தியது, பட்டமும் கொடுத்தது. கேட்கப்போவது நம் ஊர். 2018-ல் வந்த விதியின்படி, நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் மருத்துவம் சேர்ந்தவர் இங்கே திரும்பி வந்து ஸ்க்ரீனிங் தேர்வுக்கு உட்காரவே முடியாது. அதில் தேறாமல் மருத்துவக் கவுன்சிலில் டாக்டராகப் பதிவு கிடையாது. இந்த விதி செல்லும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடையை அடமானம் வைத்து முப்பது லட்சம் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வருடத்தில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்த மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

வயிறு எரிகிற கணக்கு ஒன்று உண்டு. வெளிநாடு போக நீட்டில் 600 எல்லாம் வாங்க வேண்டாம், தகுதி மதிப்பெண் போதும். 2019-ல் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு அது 720-க்கு 107. பொதுப் பிரிவுக்கு 134. 2025-லும் 113, 144 என்றுதான் இருந்தது. பிளஸ் டூ பாடத்தை ஒழுங்காகப் படித்து, ஒரு தடவை தவறினால் இன்னொரு தடவை எழுதியிருந்தால் இந்தப் பையன் தாண்டியிருப்பான். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் வேறு. அந்தப் பரீட்சையைத் தவிர்ப்பதற்கு ஒரு கடையை அடமானம் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, நானே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்: "சின்னவ இப்ப பிளஸ் டூ. அவளையாச்சும் இங்கேயே மேனேஜ்மென்ட் கோட்டாவுல போட்டுடலாம்னு இருக்கேன் மேடம். அதுக்கு நீட் வேணாமாமே?"

வேண்டும் ஐயா. வேண்டும், வேண்டும், வேண்டும். அரசு கல்லூரிக்கு வேண்டும். தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டுக்கு வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வேண்டும். என்.ஆர்.ஐ. கோட்டாவுக்கு, மாமா துபாயில் இருந்தாலும், வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் வேண்டும். எய்ம்ஸும் ஜிப்மரும் தனியாக நடத்திவந்த தேர்வுகள்கூட 2020-லிருந்து இல்லை. பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் வேண்டும். கோட்டா என்பது நீங்கள் கட்டும் பணத்தை மாற்றும், பரீட்சையை மாற்றாது. எந்த மந்திரியின் பி.ஏ.வைத் தெரிந்திருந்தாலும் மாற்றாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ கட்-ஆஃப்தான், 200-க்கு 198 என்று பேசிக்கொண்டிருந்தோம். தனியார் கல்லூரியில் நிர்வாகத்தைப் பார்த்துப் பேசி சீட் வாங்கியவர்கள் எல்லோருடைய சொந்தத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அந்தச் சித்தப்பா இன்றைக்கும் கல்யாண வீட்டில் அதே கதையைச் சொல்கிறார். அவர் காலத்தில் அது உண்மை. 2017-ல் தமிழ்நாட்டிலும் நீட் வந்தது, கதை முடிந்தது. இன்று மேனேஜ்மென்ட் இடங்களையும் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநில அரசின் தேர்வுக்குழுதான் கவுன்சலிங்கில் நிரப்புகிறது, நிகர்நிலை இடங்களை டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நிரப்புகிறது. கல்லூரி சேர்மனே உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாலும் அவரால் தர முடியாது.

நீட் சரியா தவறா என்பது வேறு விவாதம், எனக்கும் அதில் கருத்து உண்டு. சட்டமன்றம் விலக்கு மசோதாவை இரண்டு முறை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வரே சட்டமன்றத்தில் சொன்னார். "அடுத்த வருஷம் நீட் போயிடும், இப்பவே சீட்டை புக் பண்ணிடுங்க" என்று எவனாவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

இன்னொரு ரகம்: "ரெண்டு வருஷம் வெளிநாட்டுல படிக்கட்டும், அப்புறம் இந்தியாவுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கித் தர்றோம்." 2022-ல் குண்டு மழைக்கு நடுவே உக்ரைனிலிருந்து திரும்பிய பிள்ளைகளையே இந்தியக் கல்லூரிகளில் சேர்க்க அனுமதிக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு எந்த வழியில் கிடைக்கும்? வேறொருவரை நீட் எழுத வைக்கும் ஆள்மாறாட்டம் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. 2019-ல் தேனி மருத்துவக் கல்லூரி வழக்கில் மாணவனோடு அப்பாவும் கைதானார், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நீட்டில் தேறி வெளிநாடு போகிறவர்களும் கேளுங்கள். 2021 நவம்பர் விதிகள்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதன்பின் அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு பெறத் தகுந்த பட்டமாகவும் இருக்க வேண்டும். எல்லாம் முடித்து வந்து ஸ்க்ரீனிங் தேர்வில் 300 கேள்விகளில் 150 சரியாக எழுத வேண்டும். பல தடவை நான்கில் ஒருவர்கூடத் தேறாத தேர்வு அது. ஏஜெண்டிடம் "சீட் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். சீட் எங்கேயும் கிடைக்கும். "என் பிள்ளைக்கு அரும்பாக்கத்துல இருக்கிற தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா, அதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அன்றோடு போன் எடுக்க மாட்டார்கள்.

ரொக்கம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் அலாட்மென்ட் ஆர்டரை நம்பாதீர்கள், பிள்ளையின் லாகினில் நீங்களே இறக்கிப் பாருங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை எவரிடமும் விட்டு வராதீர்கள்.

மருத்துவத் துறைதான் வேண்டும், நீட் வேண்டாம் என்றால் வழி இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை. நர்சிங், பி.ஃபார்ம், இயற்கை மருத்துவத்துக்கான பி.என்.ஒய்.எஸ். இவையெல்லாம் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மாநில இடங்கள் அப்படித்தான். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் 2025 வரை அப்படித்தான் இருந்தன. நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பையனை என் கிளினிக்கில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டேன். பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், இரண்டுமே கிடைக்கலாம். (நைட் டியூட்டிக்குப் பதிவு எண் கேட்காமல் ஆள் எடுக்கும் சக மருத்துவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.) "இப்ப நீட் எழுதினா மேடம்?" என்று கேட்டான். எழுதலாம், வயது வரம்பு இல்லை. ஆனால் மறுபடி முதல் வருடத்திலிருந்துதான். பழைய ஆறு வருடத்துக்கு அது பின்னோக்கிப் பொருந்தாது.

அப்பாவுக்கு அன்று பிரஷர் 170/100. பிரஷர் மாத்திரை அம்லோடிபினைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டைப் பையன்தான் வாங்கிப் படித்தான்.

"பத்து மில்லிகிராம். கால் வீங்குதான்னு பார்த்துக்கறேன் மேடம்" என்றான்.